கண்ணில்லாத கிழங்கு

குன்னூர்
14 செப்டம்பர் 2024

காந்தல் நஸீமா அவர்களுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் அல்ல. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வயதில் என்னைக் கடிதம் எழுத வைத்தது நீங்களும் உங்கள் தரணிதரனும்தான். 'மலைத் தோட்டம்' வாட்ஸப் குழுவிலிருந்து அவர் என்னை நீக்கிவிட்டார். நீங்கள் என் எண்ணைத் தடுத்துவிட்டீர்கள். தபால்காரரைத் தடுக்க இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்று நம்புகிறேன்.

குழு போனதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. செப்டம்பர் பிறந்தால் போதும், இரண்டாம் சீசன் வந்துவிட்டது என்று ஆளாளுக்குப் போனும் கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். தரணிதரன் ஒரே செவ்வந்தியை மூன்று பக்கமும் திருப்பி வைத்து மூன்று நாள் போடுகிறார். நடுவட்டத்து அம்மா ஒருத்தி, ரோட்டோரம் தானாக முளைத்த காஸ்மாஸைத் தன் தோட்டம் என்று போடுகிறாள். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பு. பூவைப் பார்க்கத் தெரியாத கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் ராணி.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட படத்தைப் பற்றி எழுதுகிறேன். பீட்ரூட் நிறத்தில் ஒரு டேலியா. ஒவ்வோர் இதழின் நுனியிலும் பாலில் தொட்டெடுத்த மாதிரி வெள்ளை. "எங்கள் வீட்டில் இன்று" என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் வீட்டுப் பூ இல்லை. என் கணவர் வேலுமணி எட்டு வருடம் விதை போட்டு, முளைத்ததில் பிடிக்காததையெல்லாம் பிடுங்கி எறிந்து, கடைசியில் ஒன்றே ஒன்றை நிறுத்தினார். அந்த ஒன்றுதான் இது. டேலியா விதையிலிருந்து தாயைப் போலப் பிறக்காது, கிழங்கையோ தண்டையோ எடுத்து வைத்தால்தான் அதே பூ வரும் என்பது உங்களுக்கும் தெரியும். இரண்டு வருடம் முன்பு நான் கொடுத்த கிழங்கு உங்கள் கையில் முளைக்கவில்லை என்று நீங்களே ஊரெல்லாம் சொன்னீர்கள். அப்படியானால் இந்தச் செடி எங்கிருந்து வந்தது?

மார்ச்சில் அவர் இறந்தபோது துக்கம் கேட்க வந்தீர்கள். பின்பக்கம் போனீர்கள். வெகு நேரம் கழித்துத்தான் திரும்பினீர்கள். கையில் ஒரு பை இருந்தது. சாவு வீட்டில் தண்டு ஒடித்துக்கொண்டு போகிறவர்களை என்ன சொல்வது? குழுவில் நான் எழுதியது அதைத்தான். அதில் ஒரு சொல்லையும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

படத்தை நீக்குங்கள். செடியைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வே. மரகதம்


காந்தல்
22 செப்டம்பர் 2024

மரகதம் அக்கா,

பதிவுத் தபால்! தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கோர்ட்டு விஷயமாங்கம்மா?" என்று கேட்டார். பூ விஷயம் என்றேன். சிரித்தார். கடையில் எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாளாக இதைச் சொல்லிச் சொல்லியே பாத்திரம் விற்கிறார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆபீசில் கோப்பு கட்டிய கை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் தோட்டக்காரியின் கை எங்கேயும் தெரியவில்லை. அண்ணன் மௌத்தானது மார்ச் முதல் வாரம். மார்ச் முதல் வாரத்தில் டேலியாவுக்குத் தண்டு எங்கே அக்கா இருக்கும்? அது மண்ணுக்குள் தூங்குகிற காலம். நான் ஒடித்தது எதை? காற்றையா? திருடி என்று ஒருத்தியைச் சொல்லும்போதாவது மாதம் பார்த்துச் சொல்லக் கூடாதா? தரணிதரன் சார் உங்களை நீக்கியது என்னைத் திட்டியதற்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தோட்டக் குரூப்பில் இவ்வளவு பெரிய தப்பைச் சொன்னதற்கே நீக்கலாம்.

பின்பக்கம் நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து டீ வந்தது. வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க உங்கள் வீட்டில் ஆளும் இல்லை, டம்ளரும் போதவில்லை. பையில் இருந்தவை அதற்காக நான் வாங்கி வந்த பேப்பர் டம்ளர்கள். நீங்களும் அதில் ஒன்றில்தான் குடித்தீர்கள்.

நீங்கள் கொடுத்த கிழங்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நானும் எழுதுகிறேன். குன்னூரில் குரூப் கூடியபோது எல்லார் முன்னாலும் ரிப்பன் கட்டிக் கொடுத்தீர்கள். போட்டோ எடுத்து, "என் டேலியா ஊட்டிக்குப் போகிறது" என்று போட்டீர்கள். நான் தொட்டியில் வைத்து, சித்திரை போய், ஆனி போய், ஆடி வரைக்கும் தினம் எட்டிப் பார்த்தேன். மண்தான் இருந்தது. முளைக்கவில்லை என்று குரூப்பில் சொன்னதும் நீங்கள் என்ன எழுதினீர்கள்? "சிலருக்குக் கைராசி இல்லை." நாலு பேர் சிரித்தார்கள். அதன் பிறகு ஒரு வருடம் என்னிடம் யாரும் ஒரு குச்சிகூடக் கொடுக்கவில்லை, வீணாகிவிடும் என்று.

செடி எப்படி வந்தது என்று சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். படத்தை ஏன் போட்டேன் என்று மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு எரியட்டும் என்றுதான் போட்டேன். எரிந்திருக்கிறது. சந்தோஷம்.

நஸீமா


குன்னூர்
3 அக்டோபர் 2024

நஸீமா அவர்களுக்கு,

மாதத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தண்டு இல்லையென்றால் கிழங்கு. தோண்டுகிற கை தண்டு ஒடிக்காவிட்டால் என்ன?

வாக்குக் கொடுத்திருக்கிறீர்களாம். யாருக்கு? என் தோட்டத்துக்குள் வந்து போகிறவர்கள் பால்காரரும், விறகு பிளக்கிற ராசுவும், கோயமுத்தூரிலிருந்து எப்போதாவது வரும் என் மகள் வர்ஷாவும்தான். ராசுவுக்கு டேலியாவுக்கும் முள்ளங்கிக்கும் வித்தியாசம் தெரியாது. வர்ஷாவுக்கு அதுவும் தெரியாது. "ஒரு பூவுக்கு ஏம்மா இப்படி? நர்சரில வேற வாங்கிக்கலாம்" என்கிறாள். நர்சரியில் வாங்கலாமாம். அப்பாவை எந்த நர்சரியில் வாங்குவாள் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

உங்களிடம் மறைத்து ஒன்றும் ஆகப் போவதில்லை. ஜூலையில் காட்டுப்பன்றி வந்தது. அவர் இருந்தவரை பாத்தியைச் சுற்றித் தகரம் அடித்து, ராத்திரி விளக்கு போட்டு வைப்பார். நான் தனியாக அதையெல்லாம் செய்யவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் டேலியாப் பாத்தி முழுக்க உழுதது போலக் கிடந்தது. ஒரு கிழங்கு மிச்சம் இல்லை. ஆஸ்டரையும் சால்வியாவையும் அது தொடவில்லை. அந்த டேலியாவை மட்டும் வேரோடு தின்றுவிட்டுப் போயிருந்தது. இப்போது அந்தப் பூ இருப்பது உங்கள் வீட்டில் மட்டும்தான்.

ஆகவே டிசம்பரில் நீங்கள் கிழங்கு எடுக்கும்போது அதில் ஒன்றை எனக்கு அனுப்ப வேண்டும். இது என் உரிமை. அவர் உண்டாக்கிய செடி, அவர் மனைவியான எனக்கு உரிமையானது. உங்கள் தயவு என்று இதை யாரும் சொல்ல முடியாது. பேருந்தில் கொடுத்தனுப்பினால் நிலையத்தில் வாங்கிக்கொள்கிறேன். செலவு என்னுடையது.

வே. மரகதம்


காந்தல்
12 அக்டோபர் 2024

மரகதம் அக்கா,

பன்றி தின்றுவிட்டது என்று படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதற்குப் பிறகு அண்ணனை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டையும் எழுதிவிடுகிறேன், நான் நல்லவள் என்று நீங்கள் தப்பாக எண்ணிவிடக் கூடாது.

என்னிடம் வாக்கு வாங்கியவர் இப்போது இல்லை. நீங்களோ விறகு பிளக்கிறவர் வரைக்கும் சந்தேகப்படத் தொடங்கிவிட்டீர்கள். அந்த மனுசர் பாவம். அதனால் சொல்கிறேன்.

கொடுத்தது வேலுமணி அண்ணன்.

கைராசி இல்லை என்று நீங்கள் எழுதிய அந்த ஆடியில், மழையில் நனைந்துகொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். வேட்டி முழங்கால் வரை சேறு. தேயிலை நாற்று வைக்கிற பிளாஸ்டிக் உறையில் வேர் பிடித்த ஒரு சின்ன டேலியா. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "ஏனுங்க, இத வெச்சுக்கங்க. அவ குடுத்தது மொளைக்காதுங்க. கழுத்தில்லாத கெழங்கு அது, மொளை வர்ற கண்ணே கெடையாது. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன், வாயத் தொறக்கல" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார் அக்கா. என்னை விட எவ்வளவு மூத்தவர், என்னைக் கும்பிட்டார். "ஊட்ல சொல்லிராதீங்க. போட்டோவும் போட்ராதீங்க, அவளுக்குத் தாங்காது" என்றார்.

அவர் இருந்தவரை போடவில்லை. இரண்டு வருடம் அந்தப் பூவை நானும் எங்கள் வீட்டுக்காரரும் மட்டும்தான் பார்த்தோம். காந்தல் சந்துப் பக்கம் தெரியக் கூடாது என்று சுவரோரம் வைத்திருந்தேன்.

தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு எத்தனையோ கெட்ட புத்தி உண்டு. பார்க்கில் கிள்ளுவோம். பக்கத்து வீட்டு வேலிக்குள் கை விடுவோம். இல்லை என்று பொய் சொல்லி ஒளித்து வைப்போம். எனக்கும் எல்லாம் உண்டு. ஆனால் முளைக்காது என்று தெரிந்தே ஒரு கிழங்குக்கு ரிப்பன் கட்டி, சிரித்துக்கொண்டே கையில் கொடுத்துவிட்டு, அவள் நாலு மாதம் தண்ணீர் ஊற்றுவதை வேடிக்கை பார்க்கிற புத்தி உங்களிடம்தான் பார்த்தேன்.

கிழங்கு அனுப்பு என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உரிமை இருக்கிறது, மனைவி இருக்கிறது, செலவுகூட இருக்கிறது. கொடுங்கள் என்று கேட்கிற சொல் ஓரிடத்திலும் இல்லை. கேளுங்கள், தருகிறேன்.

நஸீமா


குன்னூர்
30 அக்டோபர் 2024

நஸீமா அவர்களுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதை வைத்து நான் நொறுங்கிப்போய்விட்டதாகக் கற்பனை செய்ய வேண்டாம்.

முதலில் ஒரு பாடம். டேலியாவைத் தோண்டி எடுத்த உடனே கண் தெரியாது. கண் இருக்கிறதா இல்லையா என்று சூடு தட்டினால்தான் தெரியும். இதெல்லாம் தெரியாமல் ஆடி வரை தொட்டியை எட்டிப் பார்த்தேன் என்று எழுதுகிறீர்கள். தண்ணீர் ஊற்றியே அழுக வைத்திருப்பீர்கள். நான் கொடுத்தது நல்ல கிழங்கு. அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன்.

அவரைப் பற்றி எழுதினீர்கள். ஆடி மாதம் ஒரு நாள் வயிறு சரியில்லை, ஊட்டி டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். நனைந்து வந்தார். தலை துவட்டிவிட்டேன். மிளகு ரசம் வைத்தேன். என்ன சொன்னார் டாக்டர் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்னுட்டாரு" என்றார். அந்த டாக்டர் நீங்களா?

தேயிலை பாக்டரியில் கணக்கு எழுதிய மனுசர். வாழ்க்கை முழுவதும் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மேனேஜரிடம் பேச நான்தான் போனேன். வீடு கட்டும்போது கொத்தனாரிடம் சண்டை போட நான்தான் போனேன். ஊரெல்லாம் நல்லவர் என்று பெயர் அவருக்கு, வாயாடி என்ற பெயர் எனக்கு. கெட்ட பெயரையெல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டு நல்லவராகவே இருந்துவிட்டுப் போய்விட்டார். என் மேல் தப்பு என்றால் என்னிடம் சொல்ல வேண்டியதுதானே? பக்கத்தில் நின்றாராம், வாயைத் திறக்கவில்லையாம். ஆனால் பஸ் ஏறி வந்து ஊரான் வீட்டு வாசலில் என்னைப் பற்றிச் சொல்ல மட்டும் வாய் இருந்திருக்கிறது. கோழை. இப்படி எழுத எனக்குக் கை கூசவில்லை.

எனக்காக ஒருமுறை அவர் உங்கள் வாசலில் கையேந்தியது போதும். நான் கேட்க மாட்டேன். அந்தப் பூ இல்லாமல் என் தோட்டம் ஒன்றும் மூளியாகிவிடாது.

வே. மரகதம்


காந்தல்
10 மார்ச் 2025

மரகதம் அக்கா,

நீங்கள் எழுதவில்லை. நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் அது உங்கள் வழக்கம் போலாகிவிடும்.

டிசம்பரில், உறைபனி விழும் முன்பே, டேலியாக் குத்தைத் தோண்டிவிட்டேன். தை பிறந்ததும் கிழங்குகளை ஈர மணலில் வைத்து முளை விட வைத்தேன். வந்த முளையைக் கிள்ளிக் கிள்ளி வேர் பிடிக்க வைத்தேன். கைராசி இல்லாதவள் கையில் ஒரு பெரிய தட்டு நிறையச் செடி. போன வாரம் குரூப் கூடியபோது எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். தரணிதரன் சாருக்கு ஒன்று, இனி செவ்வந்தியைத் திருப்பித் திருப்பிப் போட மாட்டார். உங்கள் நடுவட்டத்துக் காஸ்மாஸ் அம்மாவுக்கு ஒன்று. சேரங்கோட்டிலிருந்து ஆபிதா மூன்று பஸ் மாறி வந்து எஸ்டேட் குவார்ட்டர்சில் வைக்க இரண்டு வாங்கிப் போனாள். குன்னூரில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று சொல்ல மாட்டேன், போய்த் திட்டுவீர்கள்.

பெயர் கேட்டார்கள். 'வேலுமணி' என்றேன்.

நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். இதை வாங்கினவர், வாசலில் வந்து யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. கொடுக்கும்போது கிழங்கின் கண்ணைக் காட்டித்தான் கொடுக்க வேண்டும். எல்லாரும் கை தூக்கினார்கள்.

உங்களுக்கு நான் தர மாட்டேன். தபாலிலும் இல்லை, பஸ்ஸிலும் இல்லை. ஆனால் வரும் சீசனில் இந்த மலையில் எந்த வாசலில் அந்தப் பூவைப் பார்த்தாலும் நீங்கள் கேட்கலாம், கொடுத்துவிடுவார்கள். நீங்கள் யாரென்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதுகூட இல்லை. கேட்டால் போதும். உங்களால் முடியாதது அந்த ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரியும்.

நஸீமா


குன்னூர்
8 செப்டம்பர் 2025

நஸீமா அவர்களுக்கு,

யாரைக் கேட்டு அவர் பெயரை வைத்தீர்கள்? நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

கூடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். நடுவட்டத்தில் பஸ் நின்றது. டீக்கடைக்குப் பக்கத்து வீட்டு வாசலில் அந்தப் பூ. பின் சீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "வேலுமணி பூத்திருச்சு பாரு" என்கிறாள். என் புருசன் பெயரை, பஸ்ஸில், வாயில் வெற்றிலையோடு. எழுந்து இறங்கிவிடலாமா என்றிருந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

எப்படி வளர்த்திருக்கிறார்கள் என்று நீங்கள் போய்ப் பார்த்ததுண்டா? நடுவட்டத்துச் செடிக்கு ஊன்றுகோல் இல்லை, பாதி தரையில் படுத்திருக்கிறது. எங்கள் தெருக் கோடியில் ஒரு வாத்தியார் வீட்டில், பக்க மொட்டு ஒன்றைக்கூடக் கிள்ளாமல், பூவெல்லாம் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சூம்பிக் கிடக்கிறது. பஸ் நிலையத்துக்குக் கீழே வர்க்கியும் பிரட்டும் சுட்டு விற்கிற ஒரு கடையில் பெயின்ட் டப்பாவில் வைத்திருக்கிறான். பெயின்ட் டப்பா! அடியில் ஓட்டைகூடச் சரியாகப் போடவில்லை, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. இலை மஞ்சளாகிவிட்டது. போன வாரம் ஒரு பூ வந்தது. வலது பக்கத்து நாலு இதழில் வெள்ளை நுனியே இல்லை. வெயில் போதவில்லை என்று அர்த்தம். டப்பாவை ஓர் அடி தள்ளி வைத்தால் வெயில் கிடைக்கும். அந்த முட்டாளுக்கு அது தோன்றவில்லை.

அவர் ஒரு பூவுக்கு எட்டு வருடம் கொடுத்தார். ஒரு மொட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவர். இந்த லட்சணத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கு அந்த நாற்றைக் கொண்டு வந்து கொடுத்த அன்றைக்கே பிடுங்கிக்கொண்டு திரும்பியிருப்பார்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

வே. மரகதம்


காந்தல்
20 செப்டம்பர் 2025

மரகதம் அக்கா,

வலது பக்கத்து நாலு இதழ் வரைக்கும் பார்த்திருக்கிறீர்கள். நான் இந்த வயதில் என் பேரன் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

வர்க்கிக் கடை லியோ போன மாதம் குரூப்பில் எழுதினான். ஓர் அம்மா தினம் சாயங்காலம் வந்து வர்க்கி வாங்குகிறாராம். வாங்கிவிட்டுப் போகாமல் டப்பாவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாராம். ஒரு நாள் அவன் உள்ளே போய்த் திரும்புவதற்குள் பக்க மொட்டுகளையெல்லாம் யாரோ சுத்தமாகக் கிள்ளி வைத்திருந்தார்களாம். "பேயா இருக்குமோங்க" என்று கேட்டிருந்தான். பேய்க்குத் தோட்ட வேலை தெரியாது என்று நான் பதில் போட்டேன். யாரென்று சொல்லவில்லை.

தினம் வர்க்கி தின்கிறீர்கள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்பதைவிட வியாதியில் விழுவது சுலபம் என்று முடிவு செய்துவிட்டீர்களா?

நஸீமா


குன்னூர்
11 ஜனவரி 2026

நஸீமாவுக்கு,

கேட்டுவிட்டேன். பார்த்து மகிழுங்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் போனேன், கடையில் கூட்டம் இருக்காது என்று. வழக்கமாக வாங்குகிற வர்க்கியை வாங்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் நின்றேன். "தம்பி, அந்த டேலியாக் கெழங்கு ஒண்ணு எனக்குக் குடுப்பியா?" என்றேன். அவ்வளவுதான். முப்பது வருடம் ஆபீசில் எல்லாரும் என்னிடம் கேட்டு வாங்கிப் போனார்கள். நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

லியோ, "குடுக்காம என்னங்கம்மா? யாரு கேட்டாலும் குடுக்கோணும்ங்க, எங்க குரூப்புல அது சட்டம்" என்று உள்ளே ஓடினான். கிழங்குகளை அடுப்பு மேல் தட்டில் பரப்பி வைத்திருக்கிறான், பிரட் சுடுகிற சூட்டில் கண் சீக்கிரம் வருகிறதாம். டப்பாவில் வளர்த்தாலும் இது ஒன்றை ஒழுங்காகச் செய்திருக்கிறான். தட்டோடு கொண்டு வந்து என் முன்னால் நீட்டினான்.

"நல்லாப் பாத்து எடுத்துக்கங்கம்மா. இதுல ஒண்ணுகூட மரகதம் கெடையாதுங்க" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "மரகதம்னா என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"கண்ணில்லாத கெழங்குங்க. பாக்க நல்லாக் கொழுகொழுன்னு இருக்கும், மொளைக்காது. எங்க குரூப்புல அதுக்கு மரகதம்னுதான் சொல்றது. யாராச்சும் குடுத்து மொளைக்கலீனா, மரகதத்தக் குடுத்து ஏமாத்திட்டான்னு சிரிப்போம். ஏன் அந்தப் பேருன்னெல்லாம் தெரியலீங்க. நான் சேர்றதுக்கு முன்னாலயே இருந்துச்சு."

"அப்ப வேலுமணின்னா?"

"அது பூவுங்கம்மா."

முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம் நஸீமா. அவர் போய், இந்த மலை முழுக்க வாசலுக்கு வாசல் பூத்து நிற்கிறார். நான் உயிரோடு இருக்கும்போதே முளைக்காத கிழங்காகிவிட்டேன். கடையில் நின்று அழுதேன். அடக்க முடியவில்லை. லியோ அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

அந்தப் பெயரை வைத்தது நீங்களா, உங்கள் கூட்டத்தில் வேறு யாராவதா என்று கேட்கப் போவதில்லை. ஒரு நாள் வாய்த் துடுக்கில் நீங்கள் சொல்லியிருப்பீர்கள், கூட்டம் பிடித்துக்கொண்டிருக்கும். சிரிக்க அவர்களுக்குக் காரணமா வேண்டும்?

ஒரு கிழங்கை எடுத்தேன். அவன் எதிரிலேயே புரட்டிக் கண் பார்த்தேன். இரண்டு கண் இருந்தது. குரூப்பில் போட வேண்டும், பெயர் சொல்லுங்கம்மா என்றான். குன்னூர்க்காரி என்று போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பாத்தியைச் சுற்றித் தகரம் அடித்தாகிவிட்டது. ராசுவை வைத்து நானே அடிக்க வைத்தேன். சித்திரையில் நடுவேன். அடுத்த தையில் என்னிடம் ஒரு குத்துக் கிழங்கு இருக்கும். யார் வந்து கேட்டாலும் கொடுப்பேன். கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுக் கொடுப்பேன். ஒவ்வொன்றாகக் கண்ணைக் காட்டி, என் பெயர் மரகதம் என்று சொல்லிக் கையில் வைப்பேன். அடுத்த வருடமும் கொடுப்பேன். உங்கள் குழுவில் ஒருத்தர் விடாமல் என் கையால் வாங்கிய கிழங்கு முளைத்து, அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க அவர்களுக்கே வாய் வராமல் போகும் வரை கொடுப்பேன்.

மனசு மாறிவிட்டது என்று நீங்கள் யாரும் நெகிழ்ந்து கைகூப்ப வேண்டாம். வீம்புக்குத்தான் செய்கிறேன்.

மரகதம்